நேர்ந்துவிட்ட குதிகால்

போன ஞாயிற்றுக்கிழமை நம் சங்கக் கூட்டத்தில் ஒரு புது டாக்டர் தன் முதல் கேஸைப் பற்றிப் பேச எழுந்தார். படங்களை அழகாக அடுக்கிவைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, நோயாளியின் வயதைச் சொல்ல வாயைத் திறந்ததுமே கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழக்குரல் கேட்டது. "கிடா தலையாட்டிருச்சா?" அரங்கம் மொத்தமும் சிரித்தது. பாவம், அந்தப் பிள்ளை தன் சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

சாப்பாட்டு வரிசையில் என்னிடம் வந்து, அது என்ன மேடம், ராகிங்கா என்று கேட்டார். பிரியாணி ஆறிவிடும் என்பதால் அங்கே விளக்கவில்லை. ரிட்டயர் ஆனவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? எழுதியே தருகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் படியுங்கள். படித்துவிட்டு எனக்குச் சால்வை மட்டும் போடாதீர்கள், பீரோவில் இடமில்லை.

நம் சங்கம் தோல் புற்றுநோய் ஆராய்ச்சியையும் சிகிச்சையையும் வளர்ப்பதற்காக ஆரம்பிக்கப்பட்டது. பேனரில் அப்படித்தான் போட்டிருக்கும். ஆரம்ப வருடங்களில் நாங்கள் உண்மையில் வளர்த்தது தொப்பையைத்தான். குத்துவிளக்கு ஏற்றுவோம், ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்வோம், யாராவது ஒருவர் நாற்பது படம் போட்டுப் பேசுவார், நாங்கள் சமையல்கட்டிலிருந்து வரும் வாசனையைக் கவனிப்போம். நான்தான் செயலாளர். தேர்தலில் ஜெயித்து வரவில்லை. சமையல்காரரிடம் பேரம் பேச வேறு யாருக்கும் தெரியாது.

விழிப்புணர்வுப் பணியும் செய்தோம். சென்னையிலிருந்து வந்த போஸ்டர்களை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒட்டினோம். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு கடற்கரையில் மல்லாந்து படுத்திருப்பாள். நாளெல்லாம் வெயிலில் கடலை பிடுங்கிவிட்டு வந்த ஒருவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இந்தம்மாவுக்கு என்னங்க கொறை? நல்லாத்தானே படுத்துருக்கு." 

நம் தோலுக்கு வெயிலைத் தாங்கும் தெம்பு கொஞ்சம் உண்டு. மெலனோமா என்கிற பொல்லாத கறுப்புப் புற்று நம்மவர்களுக்கு வருவதே அபூர்வம். வந்தால் பெரும்பாலும் வெயில் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில் வரும், உள்ளங்காலில், நகத்துக்கு அடியில். சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றுவார்கள், நாக்கை நீட்டுவார்கள், கேட்காமலே குடும்பச் சண்டையைச் சொல்வார்கள். காலை மட்டும் நீட்ட மாட்டார்கள். பெரியவர்கள் முன்னால் காலை நீட்டுவது மரியாதைக் குறைவு. டாக்டர்களும் குனிந்து பார்ப்பதில்லை. அதுவும் மரியாதைதான், டாக்டர்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்வது.

இன்னொரு வழக்கம் இருந்தது. அதைத்தான் நீங்கள் பார்த்திருக்க முடியாது. மாதக் கூட்டத்தில் சாப்பாட்டுக்கு முன்னால், பக்கத்து அறையில் சில நோயாளிகளை உட்கார வைத்திருப்போம். எல்லோரும் டார்ச் லைட்டோடு வரிசையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இது என்ன நோய் என்று போட்டி போட்டுச் சொல்வோம். இந்த விளையாட்டுக்கு நோயாளி 'கை படாத கேஸாக' இருக்க வேண்டும். மருந்து போட்டிருக்கக் கூடாது, சதையைக் கிள்ளிச் சோதித்திருக்கக் கூடாது. விடை தெரிந்துவிட்டால் விளையாட்டில் என்ன சுவை? அதனால் அபூர்வமான கேஸ் கிடைத்தவர்கள் அதை அப்படியே வைத்திருப்பார்கள். 'ரெண்டாம் ஞாயிறு வாங்க, பெரிய டாக்டருங்க எல்லாம் பாப்பாங்க' என்று சொல்லி, ஏதோ ஒரு களிம்பைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். சாதாரணத் தேமலுக்கும் படைக்கும் இதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதனால் யாரும் யோசிக்கவும் இல்லை.

அப்போதுதான் அடைக்கலம் வந்தார்.

குடுமியான்மலைப் பக்கத்து ஊர். சவுதியில் டிரைவர். மகளுக்குக் காதுகுத்து வைத்து லீவில் வந்திருந்தார். இடுப்பில் படர்தாமரை என்று மனைவி செல்வி அழைத்து வந்தார். இடுப்பைப் பார்த்து முடித்ததும், நான் எல்லோரிடமும் சொல்வதுபோல், காலை இந்த ஸ்டூலில் வையுங்கள் என்றேன். மனிதர் நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க டாக்டரம்மா. ஒங்க முன்னாடி காலை நீட்டுனா நல்லாவா இருக்கும்?"

நான் வாங்குகிற ஃபீஸே ஒழுங்காக இல்லை, இதில் மரியாதை வேறு எதற்கு என்றேன். செல்வி புருஷனின் முட்டியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கி காலை ஸ்டூலில் வைத்துவிட்டார். வலது குதிகாலில், ஓரம் கலைந்த மைக்கறை போல ஒரு கறுப்பு. ஒரு பக்கம் வெளிர், ஒரு பக்கம் அட்டக்கரி. ஒரு வருடமாக இருக்கிறதாம். செருப்புச் சாயம் என்று நினைத்தாராம், அப்புறம் ஆணிக்கால் என்று நினைத்து பிளேடால் சீவியும் பார்த்தாராம்.

டார்ச் அடித்து மறுபடி பார்த்தேன். இது பொல்லாததாக இருக்கலாம், நாளைக் காலையில் வாருங்கள், ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். போகும்போது செல்வி காதுகுத்துப் பத்திரிகையை மேஜையில் வைத்து, அவசியம் வந்துவிட வேண்டும் என்றார்.

மறுநாள் காலையில் அவர்கள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை.

எங்கே போனார்கள் என்று அந்த வாரக் கடைசியில் சங்கத்தின் கமிட்டிக் கூட்டத்தில்தான் தெரிந்தது. தெற்கு மண்டல மாநாட்டை முதல் முறையாக நம் ஊரில் நடத்தப்போகிற நேரம் அது. மாநாடு அடுத்த மாதக் கடைசியில். சென்னையிலிருந்து தோல் புற்றுநோயில் கரைகண்ட ஒரு பெரிய டாக்டர் வருவதாக இருந்தது. நம் தலைவர் சஃபாரி சூட்டில், மாப்பிள்ளையின் அப்பா மாதிரி மலர்ந்த முகத்தோடு வந்து, போனை எடுத்து எல்லோருக்கும் ஒரு படத்தைக் காட்டினார். குதிகால். எனக்கு அந்தக் குதிகாலைத் தெரியும்.

நான் சொன்னதைக் கேட்டுப் பயந்துபோன அடைக்கலம், அன்று சாயங்காலமே எங்கள் ஊரில் பெரிய போர்டு யாருடையது என்று விசாரித்துத் தலைவரிடம் போயிருக்கிறார். தலைவர் பார்த்ததும் துள்ளிக் குதித்திருக்கிறார். யாரையும் தொடவிடாதீர்கள், மாநாட்டில் சென்னைப் பெரிய டாக்டரே பார்ப்பார், கார் அனுப்புகிறோம், ஹோட்டலில் ரூம் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார். கை படாத மெலனோமா. மண்டலத்தில் வேறு எந்த ஊரும் காட்டியிருக்காது.

அது எங்களுடைய மூளைக்கு மட்டுமே எட்டக்கூடிய தவறு. ஒரு கொத்தனார், ஒரு டீ மாஸ்டர், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், காலில் புற்று என்றால் உடனே வெட்டு என்பார்கள். படித்த தோல் டாக்டர்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து, அதை மாநாடு வரை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த ஆளுக்கு என்ன நோய் என்று சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். எல்லாம் சொல்லியாச்சு, தலையாட்டினார் என்றார் தலைவர். அதுவரை தள்ளிப்போடுவது சரியில்லை என்றேன். அப்போது தலைவர் சொன்னது முட்டாள்தனமான பேச்சு அல்ல. அதனால்தான் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

"மேடம், அந்த சென்னை டாக்டர் இந்தக் கேஸைப் பாத்தார்னா மாசம் ஒரு தடவ இங்க வந்து கிளினிக் நடத்துறேன்னு வாக்குக் குடுத்துருக்காரு. இந்த ஜில்லாவுல எத்தனை குதிகால் யாரும் பாக்காமக் கெடக்குதுன்னு ஒங்களுக்கே தெரியும். ஒரு ஆளு கொஞ்ச நாள் காத்திருந்தா அத்தனை பேருக்கு வழி பொறக்குது."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு நோயாளிகள்மேல் அக்கறை உண்டு, கைக்காசு போட்டுத்தான் சங்கத்தை நடத்தினார். கமிட்டி தலையை ஆட்டியது. எனக்கு மட்டும் தலை ஆடவில்லை. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பதுபோல, அடைக்கலத்தின் குதிகாலை எடுத்து நாங்கள் தர்மம் செய்யக் கிளம்பியிருந்தோம். ஆனால் அவர் இப்போது தலைவருடைய நோயாளி. அடுத்தவர் கேஸில் கைவைப்பது நம் தொழிலில் பெரிய பாவம், அடுத்தவர் ஃபீஸில் கைவைப்பதற்கு அடுத்தபடியான பாவம். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இரண்டு பேரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

பிறகு கிளினிக் மேஜையில் கிடந்த காதுகுத்துப் பத்திரிகை கண்ணில் பட்டது. டாக்டராகத்தான் போகக் கூடாது. விருந்தாளியாகப் போகலாமே.

காதுகுத்து அவர்கள் குலசாமியான கருப்பர் கோயிலில். நான் போனபோது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். வருடக்கணக்கில் யாரும் அடிக்காமல், வயலில் மேய்ந்தாலும் விரட்டாமல் வளர்த்த நேர்ந்துவிட்ட கிடா, பளபளவென்று இருந்தது. பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். அது தலையை உலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்தாகிவிட்டது, கிடாவும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். கிடா அசையவில்லை.  பூசாரி இன்னும் கொஞ்சம் தெளித்தார். அப்படியும் நிற்கவே, ஒருவர் செம்போடு காதுக்குள் ஊற்றினார். காதில் தண்ணீர் போனால் யார்தான் தலையை ஆட்ட மாட்டார்கள்? ஆட்டியது. குலவை எழுந்தது.

 எங்கள் கமிட்டிக் கூட்டத்தை அங்கே மறுபடி பார்த்த மாதிரி இருந்தது.

அடைக்கலம் புது வேட்டியில், வெறுங்காலில், குதிகாலை ஊன்றாமல் சாய்ந்து நடந்து வந்து என்னை வரவேற்றார். சொன்னபடி அன்று காலையில் வர முடியவில்லை என்று சங்கடப்பட்டார். அவரையும் செல்வியையும் தள்ளி நின்ற புளிய மரத்தடிக்குக் கூப்பிட்டுப் போனேன். எங்கள் தலைவர் கேட்டபோது தலையாட்டினீர்களாமே, அவர் என்ன கேட்டார் என்றேன்.

"அது சரியா வெளங்கலைங்க. பாதி இங்கிலீசு. பெரிய மனுசன் கேக்குறாரு, ஆட்டுனேன்."

அவருக்கு அந்த ஏற்பாடு பிடித்தும் இருந்தது. மாநாடு முடிந்த கையோடு சவுதிக்கு ஏறிவிடலாம், மற்றதை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். வலது கால். ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற கால். அதில் கத்தி பட்டால் வேலை போய்விடும், வேலை போனால் கட்டிக்கொண்டிருக்கிற வீடு பாதியில் நிற்கும்.

நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியும். பின்னால் நாயனமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. இன்னொரு நாள் சொல்லலாம், அவர்கள் சந்தோஷமாகச் சாப்பிடட்டும் என்று ஒரு மனம் இழுத்தது. இன்னொரு நாள், இன்னொரு நாள் என்றுதானே எங்கள் சங்கமும் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் சொன்னேன். இது புற்றுநோயாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், சோதித்தால்தான் உறுதி, அதுவாக இருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், வண்டி ஓட்டப் பல மாதம் ஆகலாம், பழைய மாதிரி ஓட்ட முடியாமலும் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அடைக்கலம் என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார். செல்விதான் கேட்டார்.

"அந்த மாநாடு வரைக்கும் தள்ளிப்போட்டா இவரு செத்துருவாராங்க?"

"தெரியாதும்மா. சாகாமலும் இருக்கலாம். ஆனா தள்ளிப்போட்டா நல்லதுன்னு எந்தப் பொஸ்தகத்துலயும் இல்ல."

"அப்பறம் எதுக்குங்க தள்ளிப்போடச் சொன்னாரு?"

"நாங்க பாக்குறதுக்கு" என்றேன். 

செல்வி அழவில்லை. கிடா நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துப் போனார். இலையில் கறி விழுந்தது. எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் விடியும்போதே அவர்கள் என் கிளினிக் வாசலில் நின்றார்கள். அடைக்கலம் உள்ளே வந்ததும் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். கத்தியை எடுப்பதற்கு முன்னால் தலைவருக்குப் போன் செய்தேன். முடித்துவிட்டுச் சொன்னால் கேஸைத் திருடியவள் என்ற பெயர் மிஞ்சும்.  "சங்கத்தையே காட்டிக் குடுத்துட்டீங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சோதனையில் அதுதான் என்று வந்தது. தஞ்சாவூருக்கு அனுப்பினேன். குதிகாலில் அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்துப் போர்த்தினார்கள். புற்று ஆழமாக இறங்கியிருக்கவில்லை. தொடையிடுக்கு நெறிக்கட்டியிலும் பரவியிருக்கவில்லை. மாநாடு வரை விட்டிருந்தால் இறங்கியிருக்குமா? தெரியாது. யாராவது தெரியும் என்று சொன்னால் நம்பாதீர்கள். தெரியாத அந்தக் காலம் அடைக்கலத்துடையது. அதை எடுத்து நேர்ந்துவிட நாங்கள் யார்?

மாநாடு நெருங்கியது. நிகழ்ச்சி நிரலில் 'நேரடி நோயாளி' என்று அச்சாகியிருந்தது, நோயாளி இல்லை. தலைவர் என்னோடு பேசுவதில்லை. அந்த நேரத்தை நிரப்புவது செயலாளர் பொறுப்பு என்று மூன்றாவது ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நான் அடைக்கலத்திடம் போய், என்ன செய்யப்போகிறோம், யார் யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் ஒன்றும் தப்பில்லை என்று எல்லாம் தமிழில் சொல்லிக் கேட்டேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "இந்தத் தடவ வெளங்கித்தாங்க ஆட்டுறேன்" என்று தலையாட்டினார்.

மாநாட்டன்று கட்டுப்போட்ட காலும் ஊன்றுகோலுமாக அவர் மேடைக்கு வந்ததும் சபையில் ஒரு சலசலப்பு. அடடா, வெட்டிவிட்டார்களா என்று முன்வரிசையில் ஒருவர் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து கருப்பர் கோயில் கிடாவின் கதையைச் சொன்னேன். எந்த ஊர், எந்தச் சங்கம் என்று ஒளிக்காமல் சொன்னேன். சிரிப்பு ஆரம்பித்து, பாதியில் நின்றுபோனது. அப்புறம், இன்றைக்குப் பார்க்க வேண்டியது அடைக்கலத்தின் காலை அல்ல, எல்லோரும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, பக்கத்தில் இருப்பவரின் உள்ளங்காலைப் பாருங்கள் என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. நம் வேலையே அடுத்தவர் உடம்பைக் கழற்றிப் பார்ப்பது, நம்முடையது என்றதும் எத்தனை வெட்கம். சென்னைப் பெரிய டாக்டர்தான் முதலில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு யாருக்கும் தயக்கமில்லை. ஏசி அரங்கில் வீசிய நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

தலைவர் மட்டும் கழற்றவில்லை. மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அடைக்கலம். என்ன சார் என்று கேட்டேன். அத்தனை நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"சபையில காலை நீட்டுறது நல்லாவா இருக்கும்?"

அடைக்கலம் சிரித்தார் பாருங்கள், ஊன்றுகோல் கீழே விழுகிற அளவுக்கு. தலைவர் அவரைப் பார்த்தார், அவர் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். மெல்லக் குனிந்து கழற்றினார். ஜில்லாவின் பிரபலமான தோல் டாக்டர் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. அடைக்கலம் அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கறுப்பு ஒண்ணும் இல்லைங்க. களிம்பு போடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் தலைவரே முன்மொழிந்ததுதான் இப்போது நம் சங்க விதிகளில் இருக்கிறது. நோய் இன்னதென்று நோயாளிக்குப் புரியும்படி சொல்லி, சிகிச்சையை ஆரம்பித்த பிறகே எந்தக் கேஸையும் கூட்டத்தில் காட்ட வேண்டும். தாளில் அது பதினேழு வரி, வக்கீல் எழுதியது. வாயில் அதற்குப் பெயர் கிடா விதி. சென்னை டாக்டரின் மாதாந்திர கிளினிக் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, இரண்டு தடவையோடு நின்றது. அதனால்தான் இரண்டாம் ஞாயிறுகளில் நாமே நடத்துகிறோம். டார்ச் லைட்டோடு வரிசையில் போய் இப்போது பார்ப்பது ஜனங்களின் உள்ளங்காலைத்தான். பார்த்துவிட்டுத்தான் பிரியாணி.

கடைசி வரிசையிலிருந்து உங்களிடம் கேட்டாரே அந்தக் கிழவர், அவர்தான் அந்தத் தலைவர். இப்போது காது சரியாகக் கேட்காது. நீங்கள் என்ன பதில் சொன்னாலும் அவருக்கு விழாது. ஆனாலும் கேட்பார். நின்று நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

அடைக்கலம் சவுதிக்குத் திரும்பவில்லை. அந்தக் கோபம் என்மேல் அவருக்குக் கொஞ்ச காலம் இருந்தது. வீடு நெடுநாள் பூசாமல் நின்றது. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், மெதுவாக. நான் ரிட்டயர் ஆன பிறகும், நம் கிளினிக்கில் காட்டுங்கள் என்று எத்தனை சொன்னாலும், வீட்டுக்கே வருவார். போன மாதமும் வந்தார். உட்காரக்கூட இல்லை. டீ வைத்திருந்த என் முக்காலியில், டம்ளரைத் தள்ளிவிட்டு, காலைத் தூக்கி வைத்தார். மரியாதையெல்லாம் போயே போய்விட்டது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பழைய தழும்பு, சுற்றிலும் சுத்தமான தோல். விரலிடுக்கு, நகம் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இறக்குங்கள் என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா டாக்டரம்மா? இன்னொரு தடவ பாத்துருங்க" என்றார்.

இன்னொரு தடவை பார்த்தேன்.